பிராக்டிகலில் ஆக்ஸிஜன் சென்சார் வந்தால் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்

ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் இரண்டாம் வருடம் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மாதிரித் தேர்வு, கடைசி பிராக்டிகல் இரண்டிலும் எனக்கு ஆக்ஸிஜன் சென்சார் வேலைதான் வந்தது. புகைக் குழாயில் உட்கார்ந்து, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை வைத்துக் கலவை சரியா என்று சொல்லும் சென்சார் அது. முதலாவதில் கோட்டை விட்டேன்.

அன்று வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் பி0171 என்று கோளாறுக் குறியீடு வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். உடனே 22-ஆம் நம்பர் ஸ்பேனரோடு சென்சாரைக் கழற்றப் போனேன். சார் கையைப் பிடித்து நிறுத்தினார். "சென்சார் பொய் சொல்லுதுன்னு உனக்கு யாருப்பா சொன்னா?" என்று கேட்டுவிட்டு, இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் சேரும் வேக்குவம் ஹோஸைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அது வழியாகக் காற்று உள்ளே போக, சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டிருப்பேன்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வழக்கமான சிர்கோனியா வகை சென்சார் சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தரும்; காற்று அதிகமானால் வோல்ட் இறங்கும், பெட்ரோல் அதிகமானால் ஏறும். இன்ஜின் சூடானபின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரில் அது 0.45-ஐத் தாண்டி மேலும் கீழும் விடாமல் ஆட வேண்டும். பின்னால் உள்ளதில் பெரிய ஆட்டம் இருக்காது. முன் சென்சார் 0.1-லேயே நின்றால், தேர்வாளரிடம் கேட்டுக்கொண்டு ஏர் இன்டேக்கில் கொஞ்சம் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள், அது பெட்ரோல் போல எரிந்து கலவையைக் கூட்டும். சட்டென்று 0.8-க்கு ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. காற்று எங்கே புகுகிறது என்று தேடுங்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஓட்டையாக இருந்தாலும் வெளிக்காற்று கலந்து இதே மாதிரி காட்டும். சில கார்களில் முன்னால் இருப்பது வைட்பேண்ட் என்ற வேறு வகை. அதற்கு இந்த வோல்ட் கணக்கு செல்லாது, மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசித் தேர்வில் வந்தது பி0135, முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். ஃப்யூஸ் பார்த்தேன், நன்றாக இருந்தது. கனெக்டரைக் கழற்றி இக்னிஷன் போட்டு வண்டிப் பக்கம் அளந்தேன், 12 வோல்ட் வந்தது. சென்சாரில் நான்கு ஒயர். அதில் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு வெள்ளையும் ஹீட்டருடையவை. நல்ல ஹீட்டரில் சில ஓம்கள் காட்டும். இதில் மீட்டர் அசையவே இல்லை, உள்ளே அறுந்துவிட்டது. அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன். சென்சாருக்கு ஹீட்டர் எதற்கு என்று தேர்வாளர் கேட்டார். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அது ஒழுங்காக அளக்கும், புகைச் சூட்டை மட்டும் நம்பினால் நேரமாகும் என்றேன். தலையாட்டினார்.

மாட்டும்போது கவனம் வேண்டும். ஒயர் நுழைய வெட்டு விட்ட சாக்கெட்டைப் போடுங்கள். புது சென்சாரின் மரையில் பெரும்பாலும் ஆன்ட்டிசீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) தடவியே வரும். அது சென்சார் முனையில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பக்கத்தில் சிலிகான் சீலன்ட் பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும். டார்க் (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற) அளவை மேனுவலில் பார்த்து இறுக்குங்கள். பிறகு கோளாறுக் குறியீட்டை அழித்து, இன்ஜினைச் சூடாக்கி, ஸ்கேனரில் வோல்டேஜ் ஆடுகிறதா என்று பாருங்கள்.

அளந்த ஒவ்வொரு எண்ணையும் விடைத்தாளில் எழுதுங்கள். பழைய சென்சாரின் ஓம், புதியதன் ஓம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தேன். தேர்வாளர் முதலில் விரல் வைத்தது அந்த வரியில்தான். தேர்வுக்கு முந்தின நாளே மல்டிமீட்டருக்குப் புது பேட்டரி போட்டு வையுங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் இவ்வளவு சின்ன வோல்டேஜில் மீட்டர் தப்பாகக் காட்டும்.