ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டைனமோவும்

இரண்டு வாரமாக என் வண்டியின் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணைய மறுத்தது. எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 12.1 வோல்ட். 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் (எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு அது என்றைக்கும் டைனமோதான்) படுத்துவிட்டது. கழற்றிக் கொண்டுவந்தால் கூலி மிச்சம் என்றார் அண்ணன்.

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினேன். சாவிதான் கையில் இருக்கிறதே என்று இதைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த கம்பி பேட்டரியின் பிளஸ்ஸோடு இணைந்தது. சாவியை எடுத்தாலும் அதில் மின்சாரம் நிற்கும். ஸ்பேனர் எஞ்சினில் உரசினால் வீடு வெல்டிங் பட்டறையாகிவிடும்.

அந்தக் கம்பியின் ரப்பர் தொப்பியை விலக்கி நட்டைக் கழற்ற இரண்டே நிமிடம். ஆல்டர்னேட்டரில் செருகியிருக்கும் இன்னொரு கம்பியின் சின்ன பிளாஸ்டிக் சாக்கெட்தான் அரை மணி நேரத்தைத் தின்றது. எஞ்சின் சூட்டில் வெந்து முறுகிப்போன கொக்கி. கம்பியைப் பிடித்து இழுக்கக் கை பரபரத்தது. இழுத்தால் உள்ளிருக்கும் முனை பிய்ந்துவிடும். மெல்லிய திருப்புளியை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினேன். டக்.

கொக்கி தப்பித்தது. என் கட்டைவிரல் நகம் தப்பவில்லை. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டை மாலையில் பார்த்துக்கொள்கிறேன்.