பூசணம் பிடிச்ச விஹெச்எஸ் கேசட்ட டிவிடிக்கு மாத்தறேன், இதுவரைக்கும் ஆன கதை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டுல பழைய வீடியோ கேசட் வச்சிருக்கவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், ஆசையில எடுத்து நேரா விசிஆர்ல சொருகிடாதீங்க. கேசட் மேல ஜன்னல் மாதிரி பிளாஸ்டிக் இருக்கும்ல, அதுல டார்ச் அடிச்சு கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. சுத்தியிருக்கற டேப்போட விளிம்பு கருப்பா பளபளன்னு தெரிஞ்சா பரவால்ல, வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்தா அது பூசணம். அப்படியே ஓட்டினா அந்தத் தூள் பூரா மிஷின்ல டேப்ப படிக்கற ஹெட்ல ஒட்டிக்கும், அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் தாவிடும், அப்புறம் மிஷினும் போச்சு கேசட்டும் போச்சு.

எங்க வீட்டு கேசட் எல்லாம் ஒரு ட்ரங்க் பெட்டில பரண் மேல கிடந்தது. அக்கா கல்யாணம், என் காது குத்து, அப்பா வேலை பார்த்த டீ ஃபேக்டரில ஆயுத பூஜை, குடும்பத்தோட ஊட்டி ஃப்ளவர் ஷோ போனது, அப்புறம் லேபிளே இல்லாம கொஞ்சம். ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, நடுவுல மிஸ்ட்டு, கொடில போட்ட ஜீன்ஸே ரெண்டு மூணு நாள் ஈரமா தொங்கற ஊரு இது, டேப் மட்டும் எப்படி தப்பிக்கும். அதே கல்யாண கேசட்டோட இன்னொரு காப்பி கீழ கோயம்புத்தூர்ல சித்தப்பா வீட்டு ஷோகேஸ்ல சும்மா நின்னுட்டு இருந்தது, ஒரு புள்ளி பூசணம் இல்ல. குளிரும் தூசி இல்லாத காத்தும் வேணும்னுதான் 1960கள்ல ஊட்டில இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரி போட்டாங்கன்னு எங்க ஊர்ல பெருமையா சொல்லுவாங்க. ஃபிலிம் செய்யறதுக்கு நல்ல ஊருதான், டேப்ப வச்சுக்கறதுக்கு இல்ல போல.

சரி, முதல் வேலை காய வைக்கறது. ஈரமா இருக்கறப்ப துடைச்சா பூசணம் ஈஷிக்கும், வராது. மூடி டைட்டா இருக்கற பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் அள்ளிப் போட்டு கேசட்ட உள்ள வச்சு மூடி மறந்துடணும், பூசணம் காஞ்சு பொடியாகற வரைக்கும். வெயில்ல வைக்கக் கூடாது, ரூம் ஹீட்டர் பக்கத்துல வைக்கவே கூடாது, டேப் நெளிஞ்சுடும். அரிசில போட்டு வைன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, ஃபோன் தண்ணில விழுந்தா எல்லாரும் செய்யறதுதான், ஆனா அரிசித் தூசி டேப்புக்குள்ள போனா அதுக்கு வேற ஒரு வைத்தியம் பாக்கணும்.

துடைக்கறதுக்கு வழி கெடச்சது பஜார்ல மூடிக் கிடந்த ஒரு வீடியோ லைப்ரரில இருந்துதான். கார் வடிவத்துல ரிவைண்டர் வருமே, வாடகை கேசட்ட சுத்தித் தரணும்னு அப்ப எல்லார் வீட்டுலயும் இருக்கும், அது ஒண்ணு அங்க தூங்கிட்டு இருந்தது, கடைக்காரர் சும்மாவே எடுத்துட்டுப் போப்பான்னு குடுத்துட்டார். அதோட மேல் மூடிய கழட்டி, கேசட்டோட முன் கதவ கிளிப் போட்டு தூக்கி வச்சு, பஞ்சு விடாத துணிய மடிச்சு டேப்போட ரெண்டு பக்கமும் லேசா தொடற மாதிரி பிடிச்சு சுத்த விடணும். வீட்டுக்குள்ள வேண்டாம், முத்தத்துல உக்காந்து மாஸ்க் போட்டுட்டு செய்ங்க, பறக்கற தூள மூச்சுல இழுத்தா நெஞ்சு கட்டிக்கும். துணி வெள்ளையா மாற மாற வேற பக்கம் திருப்பணும். ரொம்ப மோசமா இருந்தா கேசட்ட கவுத்துப் போட்டு அஞ்சு ஸ்க்ரூவையும் கழட்டி, ரீல வெளிய எடுத்து விளிம்ப மெல்ல பிரஷ்ல தட்டி விட்டு, வேற நல்ல கேசட் ஓட்டுக்குள்ள மாத்திடலாம். ஓடு எதுவா இருந்தா என்ன, உள்ள இருக்கறதுதான முக்கியம்.

இங்க ஒரு விஷயத்த விளக்கணும், ஏன்னா இதுக்கப்புறம்தான் எனக்கு அவசரமே வந்தது. விஹெச்எஸ் டேப் அரை இன்ச்சு அகலம். படம் அதுல சாய்வா கோடு கோடா பதிஞ்சிருக்கு, நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) சிஸ்டத்துல நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தற ட்ரம்ல, அதாவது உருளைல, இருக்கற ஹெட் அதப் படிக்குது. சத்தம் அப்படி இல்ல. ஹைஃபை இல்லாத சாதா ரெக்கார்டிங்ல சத்தம் டேப்போட மேல் விளிம்பு ஓரமா நீளத்துக்கும் ஒரே கோடா ஓடுது, அகலம் ஒரு மில்லிமீட்டர்தான். கீழ் விளிம்புல கண்ட்ரோல் ட்ராக், மிஷின் டேப்போட வேகத்த ட்ரம்மோட ஒத்துப் போக வைக்கறது அத வச்சுத்தான். பூசணம் எங்க ஆரம்பிக்குது? விளிம்புலதான். அதனால நடுவுல படம் ஜோரா இருக்கும், சத்தம் மட்டும் அமுங்கி அமுங்கி வரும், இல்லன்னா ஹெட் கோட்ட சரியா பிடிக்காம ட்ராக்கிங் அலையும். ஆள் தெரிவாங்க, பேசறது கேக்காது.

மிஷின் விஷயம். புது விசிஆர் எங்கயும் கெடைக்காது, கடைசியா செஞ்சுட்டு இருந்த ஜப்பான்காரங்க ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலைல நிறுத்திட்டாங்க. பழசு ஒண்ணு கோயம்புத்தூர்ல வாங்கி மேல கொண்டு வந்தா அன்னிக்கு சாயங்காலம் பவர் வருது, ப்ளே அமுக்கினா அசையவே மாட்டேங்குது, ‘டியூ’ன்னு, அதாவது பனின்னு, ஒரு வார்த்தை மட்டும் மின்னுது. ரிப்பேரெல்லாம் இல்ல. உள்ள ஈரம் தெரிஞ்சா ஓடாதபடி ஒரு சென்சார் வச்சிருக்கான், ட்ரம் ஈரமா இருந்தா டேப் அதுல ஒட்டிக்கும்னு. குளிர்ந்து போன மிஷின சூடான ரூமுக்கு கொண்டு வந்தா கண்டிப்பா வரும். பவர் மட்டும் ஆன் பண்ணி விட்டுட்டு டீ போட்டு குடிச்சுட்டு வாங்க, தானா சரியாகும். காலைல சீக்கிரம் ஓட்டவும் வேண்டாம், உள்ள இருக்கற பழைய கிரீஸ் குளிர்ல இறுகிப் போய் கேசட்ட முழுங்கவே தெணறும்.

ஹெட் க்ளீன் பண்றதுக்கு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சாதா வெள்ளைப் பேப்பர் துண்டு. பேப்பர நனைச்சு ட்ரம்ல ஒட்டின மாதிரி அசையாம பிடிச்சுட்டு ட்ரம்மத்தான் கையால சுத்தணும், பேப்பர மேலயும் கீழயும் தேச்சா ஹெட் உடைஞ்சுடும், காது குடையற பஞ்சுக் குச்சி பக்கமே போகாதீங்க. இன்னொண்ணு, மூடியத் திறந்து வச்சுட்டு வெயில் பட ஓட்டினா மிஷின் பாட்டுக்கு நின்னுடும். டேப்போட ரெண்டு நுனியும் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அது வழியா வெளிச்சம் வந்தா டேப் முடிஞ்சுதுன்னு அதுக்கு அர்த்தம், ஜன்னல் வெளிச்சத்துக்கும் சில மிஷின் ஏமாந்துடும்.

இதோட பாத்தா கம்ப்யூட்டருக்கு ஏத்தறது பெரிய விஷயம் இல்ல, யூட்யூப்ல ஆயிரம் பேர் சொல்லியிருக்காங்க. ஆனா விசிஆர்ல இருந்து நேரா மலிவு யூஎஸ்பி கேப்சர்ல (வீடியோவ கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தற சின்ன கருவி) குடுத்தா படத்தோட மேல் பாகம் கொடி மாதிரி ஆடுது, நடுவுல ஃப்ரேம் விட்டுப் போய் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் ஆகுது. நடுவுல ஒரு பழைய டிவிடி ரெக்கார்டர் வச்சு அது வழியா அனுப்பினேன், பேனசானிக் ஈஎஸ்10, ரெக்கார்ட் பண்றதுக்கு இல்ல, சிக்னல நிமித்தி அனுப்பறதுக்கு மட்டும், ஆட்டம் நின்னுடுச்சு. 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம், சுருக்காம எடுத்தா மணிக்கு கிட்டத்தட்ட 75 ஜிபி தின்னும், ஹார்ட் டிஸ்க் தயார் பண்ணிக்கோங்க. மழைக்காலத்துல யூபிஎஸ் இல்லாம உக்காராதீங்க, மரம் சாஞ்சா கரண்ட் போகும்.

அக்கா கல்யாணத்துக்கு வர்றேன். ஸ்டுடியோக்காரர் குடுத்த கேசட்ல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சினிமா பாட்டுதான், இதயம் வடிவத்துக்குள்ள மாப்பிள்ளை மூஞ்சி, பூ விரிஞ்சு பொண்ணு, அந்தக் கால மிக்ஸிங். ஒரு ஆள் குரல் கேக்காது. லேபிள் இல்லாததுல ஒண்ணப் போட்டா அது அதே கல்யாணம், மிக்ஸிங் பண்ணாத ரா கேசட். நாதஸ்வரத்த மீறி தகரக் கூரை மேல மழை, பின்னாடி யாரோ “சாம்பார் வாளி எங்கடா”ன்னு கத்தறாங்க, பாட்டி கேமராக்காரர பாத்து “தம்பி, அந்த லைட்ட கொஞ்சம் அணைங்க, கண்ணு கூசுது”ன்னு சொல்றது பளிச்சுன்னு இருக்கு, அதுக்கு அவர் என்ன சொன்னார்னு கேக்கறதுக்குள்ள சத்தம் கம்பளிக்குள்ள போயிடுது. அந்த இடத்துலதான் மேல் விளிம்பு அரிச்சிருக்கு. ஆடியோ ஹெட்டோட சாய்வு ஸ்க்ரூவ இம்மியளவு திருப்பினேன், பழைய இடத்துல நெயில் பாலிஷ் புள்ளி வச்சுட்டுத்தான், கொஞ்சம் தெளிஞ்சது, முழுசா வரல. சாஃப்ட்வேர்ல இரைச்சல குறைக்கலாம், இல்லாத குரல எங்க போய் கொண்டு வர்றது.

டிவிடி போடறதப் பத்தி. பெரிய ஃபைல்தான் அசல், அத ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்கேன், டிவிடி பெரியவங்களுக்காக. 4.7 ஜிபி தட்டுல ஒரு மணி நேரம் போட்டா நல்லா இருக்கு, ரெண்டு மணி பரவால்ல, மூணு மணி நேர கேசட்ட ஒரே தட்டுல அமுக்கினா பட்டுப்புடவை எல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுது, அதனால ரெண்டா பிரிச்சுட்டேன். ஒரு ஃப்ரேம ஒண்ணு விட்டு ஒண்ணு கோடா ரெண்டு பாதியா காட்டற இண்டர்லேஸ அப்படியே விட்டுடுங்க, டிவிடிக்கு அது ஒத்துக்கும், ஃபோன்ல பாக்கறதுக்கு மட்டும் அத முழு ஃப்ரேமா மாத்தி, அதாவது டீஇண்டர்லேஸ் பண்ணி, தனியா ஒரு ஃபைல். எழுதறது மெதுவான ஸ்பீடுல.

அத்தைக்கு ரா கேசட்ல இருந்து எடுத்தத முதல்ல குடுத்தேன். பென் டிரைவ்ல தரட்டுமா அத்தைன்னா “அதெல்லாம் எனக்குத் தெரியாது, சிடியா போட்டுக் குடு கண்ணு”ன்னாங்க. பாத்துட்டு ஃபோன் பண்ணி “என்னப்பா இது, பாட்டே காணோம், ஒரே சந்தைக்கடை சத்தமா இருக்கு”ன்னு கேட்டாங்க. இதயம் வச்ச வெர்ஷனையும் போட்டு அனுப்பிட்டேன், சித்தப்பா வீட்டு காப்பில இருந்து எடுத்தது, சுத்தமா இருக்கு.

ஆயுத பூஜை கேசட் இன்னும் டப்பாவுலதான் காயுது. அமெரிக்கால இருந்து மாமா அனுப்பின கேசட் அங்கத்த டிவி முறையான என்டிஎஸ்சி, இந்த மிஷின்ல படம் உருளுது, அதுக்கு ரெண்டு சிஸ்டமும் ஓட்டற விசிஆர் தேடணும். டேப்ப அழுத்திப் பிடிச்சு இழுக்கற பிஞ்ச் ரோலர் ரப்பரும் வழவழன்னு ஆயிடுச்சு, கோயம்புத்தூர்ல ஒரு மெக்கானிக் கைவசம் இருக்குன்னு சொல்லியிருக்கார், அடுத்த தடவை கீழ இறங்கறப்ப வாங்கிட்டு வந்து மாட்டிட்டு மிச்சத்த ஆரம்பிக்கணும்.