ஜூன் மாதத்தில் கலைந்துபோகாத வாலிபர் ஐக்கியக் குழு

நீலகிரி திருச்சபைகளில் வாலிபர் ஐக்கியத்துக்கு, அதாவது சபை இளைஞர்கள் வாரந்தோறும் கூடும் குழுவுக்கு, ஜூன் மாதம்தான் சோதனைக் காலம். பிளஸ் டூ முடித்தவர்கள் கோயம்புத்தூர் கல்லூரிகளுக்கும், படிப்பு முடித்தவர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் மலையிறங்கிவிடுகிறார்கள். கிட்டார் வாசிப்பவர், ஹால் சாவி வைத்திருப்பவர், யார் வீடு எந்த எஸ்டேட் லைனில் என்று தெரிந்தவர் மூவரும் ஒரே ஆள் என்றால், ஐக்கியமே அவரோடு பஸ் ஏறிவிடும். ஆயருக்கும் அப்போதே இடமாற்றம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இங்கே குழு அமைக்கும்போதே ஆட்கள் போய்விடுவார்கள் என்று வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஆறு ஊழியர்கள் (கூட்டத்தை நடத்தும் தொண்டர்கள்), மூன்று ஜோடிகளாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் ஊரிலேயே இருக்கப்போகிறவர்: பள்ளி ஆசிரியை, நர்ஸ், எஸ்டேட் கிளார்க், ஜீப் ஓட்டுகிறவர். மற்றவர் இளையவர். முதல் ஜோடிக்கு வருகைப்பதிவும் வீட்டுச் சந்திப்பும், இரண்டாவதுக்குப் பாட்டும் வேதபாடமும், மூன்றாவதுக்கு ஹால், டீ, காணிக்கைக் கணக்கு. பாட்டு ஜோடிக்கு ஆள் தானாக வரும். வீட்டுச் சந்திப்புக்குத்தான் வராது. ஆனால் இரண்டு வாரம் வராத பையனைத் திரும்பக் கூட்டிவருவது அந்த ஜோடிதான். என்னைக் கேட்டால், நல்ல ஆளை முதலில் அங்கேதான் போட வேண்டும்.

ஆராதனை அறிவிப்பில் ‘விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்’ என்றால், பாடகர் குழுவிலும் ஞாயிறு பள்ளியிலும் ஏற்கெனவே இருக்கும் அதே நாலு பேர்தான் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அதுவும் இப்படி: “அக்கா, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் சனிக்கிழமை மூணரைக்கு வந்து வருகைப்பதிவு மட்டும் பாத்துக்குங்க. அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிடலாம்.” வேலை, நேரம், முடியும் நாள் மூன்றும் தெரிந்தால்தான் மனுஷர் ஒத்துக்கொள்வார்கள். செப்டம்பர் முடிந்ததும் நீங்களே போய், “தொடர்றீங்களா, வேற ஆளைப் பாக்கட்டுமா?” என்று கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டால், சொல்லாமல் நின்றுவிடுவார்கள். பிறகு ஆராதனையில் கண்ணில் படவே கூச்சப்படுவார்கள்.

கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்தாக வேண்டும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தெரியாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருட்டினால் கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கே வரும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முதலில் பார்ப்பது பஸ் நேரத்தைத்தான். ஏப்ரல், மே சுற்றுலா சீசனில் வாலிபர்கள் பலர் லாட்ஜிலும் கடையிலும் வேலைக்குப் போவார்கள். அந்த இரண்டு மாதமும் வாராந்தரக் கூட்டத்தை மாதம் இருமுறையாக்கிவிடுங்கள்.

புதிதாக வரும் ஊழியருக்கு முதலில் டீ போடும் பொறுப்பைக் கொடுக்கலாம். முப்பது பேருக்கு ஒன்றரை லிட்டர் பால், அதே அளவு தண்ணீர், 70 கிராம் டீத்தூள், கால் கிலோ சர்க்கரை. எவர்சில்வர் டம்ளர் போதும், பேப்பர் கப் வேண்டாம். டம்ளர் கழுவும் இடத்தில்தான் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை முதல்முறையாக வாயைத் திறக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரோடு ஊழியர் எவரும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. வண்டியில் தனியே கூட்டிப்போகவும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் ஒருவராவது இருக்கட்டும், தனிச்செய்தி வேண்டாம். பாலியல் தொந்தரவு நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ‘சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று கமிட்டியில் மூத்தவர் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என்ன செய்வதென்று புரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யலாம். இதை ஊழியர்கள் சேரும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே லாங் சைஸ் நோட்டில் எழுதி வையுங்கள்: பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் எண், யாருக்கு ஆஸ்துமா, சாவி யாரிடம், ஆம்ப்ளிஃபயரில் எந்த ஒயர் எங்கே. மே மாதக் கடைசி இரண்டு கூட்டங்களில் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, புதியவரே கூட்டத்தை நடத்தட்டும். போனவர்களின் பெயரையும் நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். டிசம்பரில் லீவுக்கு வரும்போது கேரல் ரவுண்ட்ஸை (கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுவதை) அவர்களிடமே கொடுத்துவிடலாம். நவம்பரிலேயே போன் செய்து தேதியைச் சொல்லிவிட்டால் டிக்கெட் எடுத்துக்கொள்வார்கள்.