முந்திரி ஆலையின் பழைய சர்வரிலிருந்து விண்டோஸ் 11-க்குக் கோப்புகளைக் கொண்டுவந்த அனுபவம்

குலசேகரம் பக்கத்தில் உள்ள எங்கள் முந்திரி ஆலையின் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர் 2003 நிறுவப்பட்ட கணினி ஒன்று இன்றும் இயங்குகிறது. கொட்டை உடைக்கவும் தொலி உரிக்கவும் வந்த பெண்களின் பழைய சம்பளப் பட்டியல்களும் பி.எஃப். பிடித்தக் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன. பத்தாண்டு சேவை இருந்தால்தான் பி.எஃப். திட்டத்தில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். ஒருவருடைய பதிவில் ஓரிரு ஆண்டுகள் விடுபட்டிருந்தால் அதற்கான சான்று அந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. அதைத் திறந்து பார்க்க உதவிய விண்டோஸ் 7 கணினி ஐப்பசி மாத இடியில் பழுதாகிவிட, புதிதாக வாங்கிய இரண்டு விண்டோஸ் 11 ப்ரோ கணினிகளிலும் அந்த ஷேர், அதாவது சர்வர் மற்றக் கணினிகளுக்குப் பகிரும் கோப்புறை, திறக்கவில்லை.

சர்வர் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பிங் கட்டளையால் சோதித்தால் பதில் வருகிறது. ஆனால் சர்வரின் பெயரைக் கொடுத்தால் 0x80070035 என்ற பிழை எண்ணுடன், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் அந்தச் செய்தியை வைத்து கேபிள்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் திறக்காததால் புதிய கணினியை மார்த்தாண்டத்தில் உள்ள கடைக்கே கொண்டுவரச் சொன்னார். கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். அங்கே விண்டோஸை முழுவதுமாக அழித்துப் புதிதாக நிறுவித் தந்தார்கள். சர்வர் இங்கே இருக்க, அங்கே எதைத் திறந்து சோதிக்க முடியும் என்று நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அலுவலகத்துக்குக் கொண்டுவந்து இணைத்தபோது அதே பிழைதான் வந்தது. நெட்வொர்க் ஷேர் தொடர்பான கோளாறுக்கு ஒரு கணினியை மட்டும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் இருந்தால்தான் எதையும் கண்டுபிடிக்க முடியும்.

உண்மையான காரணம், பெயருக்குப் பதில் ஐபி முகவரியைத் தட்டச்சு செய்தபோது தெரிந்தது. இந்த ஷேருக்கு, கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி1 என்ற காலாவதியான நெறிமுறை தேவைப்படுகிறது, அது பாதுகாப்பற்றது என்று விண்டோஸே தெளிவாக எழுதிக் காட்டியது. சர்வர் 2003-க்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். எஸ்எம்பி2 விஸ்டா காலத்தில்தான் வந்தது. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 படிப்படியாக விலக்கப்பட்டது; புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11-இல் அது இயல்பாக இருப்பதில்லை. பெயரைக் கொண்டு தேடும்போது வரும் பொதுவான பிழையை நம்பி அலைவதற்கு முன், ஐபி முகவரியைக் கொடுத்து ஒருமுறை பாருங்கள்.

தொலைபேசியில் ஆலோசனை சொன்ன இன்னொருவர் ஃபயர்வாலையும் ஆன்டிவைரஸையும் அணைத்துவிட்டு, எல்லாக் கணினிகளிலும் எஸ்எம்பி1-ஐ இயக்கிவிடச் சொன்னார். இதற்கு நான் சம்மதிக்கவில்லை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ், எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தாவியது. சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலையிலேயே முடிந்திருந்தும், அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக கேபி4012598 என்ற திருத்தத்தை வெளியிட்டது. உங்களிடம் அத்தகைய சர்வர் இருந்தால் முதலில் அந்தத் திருத்தம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வழியே இல்லாமல் ஒரு கணினியில் எஸ்எம்பி1-ஐ இயக்க நேர்ந்தால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் கிளையன்ட் என்ற வரிக்கு மட்டும் டிக் போடுங்கள். சர்வர் என்ற வரி வேண்டாம். ஆட்டோமேட்டிக் ரிமூவல் என்ற வரிக்கும் டிக் வேண்டாம். அது, 15 நாட்கள் பயன்படுத்தாமல் இருந்தால் எஸ்எம்பி1-ஐத் தானாகவே நீக்கிவிடும் ஏற்பாடு.

நான் தேர்ந்தெடுத்த வழி, பழைய சர்வருக்கும் புதிய கணினிகளுக்கும் நடுவே ஒரு கணினியை வைப்பது. மூலையில் கிடந்த டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸை நிறுவி, கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு போட்டு, அதிலிருந்து பழைய சர்வருக்கு நேரடியாகக் கேபிள் கொடுத்தேன். சர்வரின் ஐபி வரிசையைத் தனியாக மாற்றி, வெளி நெட்வொர்க்குக்கு வழிகாட்டும் கேட்வே முகவரி இருந்த இடத்தை வெறுமையாக விட்டதால், அதற்கு இனி இணையமும் இல்லை, மற்றக் கணினிகளும் இல்லை. லினக்ஸ் அந்த ஷேரை எஸ்எம்பி 1.0 என்று குறிப்பிட்டு, படிக்க மட்டுமான அனுமதியுடன் இணைத்துக்கொள்கிறது. இரவுதோறும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் கோப்புகளைத் தன் வட்டில் பிரதி எடுக்கிறது. அந்தப் பிரதியை, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா என்ற மென்பொருள் வழியாகப் புதிய கணினிகளுக்குக் கொடுக்கிறது.

நிறுவுவது எளிதாகவே முடிந்தது. சிக்கல் அதன் பிறகு வந்தது. முதல் பிரதியில் தமிழில் பெயரிட்ட கோப்புகளெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. இணைக்கும் கட்டளையில் எழுத்துக்குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சேர்த்த பிறகுதான் பெயர்கள் சரியாயின. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்களுக்கு அந்த எழுத்துருக் கோப்பையும் சர்வரிலிருந்து எடுத்து நிறுவ வேண்டும். இல்லையெனில் உள்ளே இருப்பது எதுவும் விளங்காது.

அடுத்து, நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்று, சாம்பா கொடுத்த ஷேரைத் திறக்க விண்டோஸ் 11 மறுத்தது. எங்கள் நிறுவனத்தில் அப்படி யாரும் கொள்கை வகுக்கவில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ கணினிகளில், தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் கையொப்பமிட்ட இணைப்பு கட்டாயம்; கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் இணைப்பு அதற்குப் பொருந்தாது. ரிஜிஸ்ட்ரியைத் திருத்தி இந்தத் தடையை நீக்கச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதைவிட, ஒரு பயனரை உருவாக்கிச் சாம்பாவில் கடவுச்சொல் பதிவது பாதுகாப்பானது, நேரமும் குறைவு. லினக்ஸில் கொடுத்த கடவுச்சொல் சாம்பாவுக்குத் தானாக வந்துவிடாது என்பதை நினைவில் வையுங்கள். பயனர் பெயரைக் கேட்கும் இடத்தில் லினக்ஸ் கணினியின் பெயர், பின்சாய்வுக்கோடு, பயனர் பெயர் என்று முழுமையாகக் கொடுங்கள். இதற்குப் பிறகும் 1219 என்ற பிழை வந்தால், அதே லினக்ஸ் கணினிக்கு வேறொரு பயனர் பெயரில் பழைய இணைப்பு திறந்திருக்கிறது என்று பொருள். நெட் யூஸ் கட்டளையால் அதைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியுள்ள பழைய பதிவையும் அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள். பவர்ஷெல்லில் இணைப்பின் நெறிமுறை 3.1.1 என்று காட்டியபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

இந்த வேலை நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும், தொலி உரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருந்தார். “எனக்க சர்வீஸ் அதுல கெடக்கா மக்களே?” என்று வாசலிலேயே நின்று கேட்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார். பிரதி முடிந்த மறுநாள் காலையில், அவருடைய பதிவில் விடுபட்டிருந்த ஆண்டுகளின் பிடித்தப் பட்டியலை மாதவாரியாக அச்சிட்டு, ஆலை முத்திரையிட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் தன் பெயர் இருக்கும் வரியை விரல் வைத்துக் காட்டச் சொல்லி, அந்த இடங்களில் பேனாவால் கோடு போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சர்வரை இன்னும் அணைக்கவில்லை. இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றன; ஆனாலும் ஆண்டுக்கு ஒரு பட்டியலையாவது திறந்து, மூலத்துடன் வரிக்கு வரி ஒப்பிட்டு வருகிறேன். அது முடிந்து, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதியும் எடுத்து ஆலைக்கு வெளியே வைத்த பிறகே அதன் மின்இணைப்பைத் துண்டிக்கப் போகிறேன்.