வரி தாவும் டீபக்கர்: ரோஸ்ஹில் (மொரீஷியஸ்) நாட்குறிப்பு

5 பிப்ரவரி 2025, புதன்

காவடிக்கு இன்னும் ஆறே நாள். கோயில் பூஜை நேரங்களைக் காட்டும் எங்கள் செயலியில், பெரியம்மாவின் போனில் மட்டும் தமிழ் எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. விரதம் இருப்பவர்களில் பலர் அவர் வயதுக்காரர்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

குறியீட்டை வரிவரியாக ஓட்டிப் பிழை தேடும் டீபக்கரைத் திறந்தேன். திரையில் எழுத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டின் டெக்ஸ்ட்வியூவை நீட்டி எழுதிய வகுப்பில் ப்ரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய இடம்) வைத்து, அளவைக் கணக்கிடும் சூப்பர் ஆன்மெஷர் அழைப்புக்குள் ஸ்டெப் இன்டூ (உள்ளே நுழை) கொடுத்தேன். என் கோட்லின் கோப்பு வரை ஒழுங்கு. டெக்ஸ்ட்வியூவின் ஜாவா கோப்புக்குள் போனதும் ஓடும் வரியைக் காட்டும் அம்பு, ஓடவே ஓடாத ஒரு கமென்ட் (குறிப்பு) வரியில் நிற்கிறது. அடுத்த அடியில் சம்பந்தமே இல்லாத வேறொரு மெத்தடில்.

6 பிப்ரவரி, வியாழன்

காரணம் பிடிபட்டது. போனில் ஓடும் குறியீடு டீபக்கருக்கு வரி எண்ணை மட்டுமே சொல்கிறது. அந்த எண்ணைத் தன்னிடம் இருக்கும் சோர்ஸ் (மூலக் குறியீடு) கோப்பில் தேடி அம்பை வைப்பது, செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. பெரியம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 11, அதாவது, ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் ஏபிஐ எண் 30. என் கணினியில் இருந்ததோ ஏபிஐ 34 சோர்ஸ். இடையில் வரிகள் கூடிக் குறைந்திருக்கின்றன. செயலியைத் துடைத்து மறுபடி கட்டும் க்ளீன், ரீபில்ட் எதுவும் இங்கே உதவாது. டெக்ஸ்ட்வியூ நம் செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகேயில் இல்லை, போனிலேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு கருவிகளை இறக்க உதவும் எஸ்டிகே மேனேஜரில் ஏபிஐ 30 சோர்ஸை இறக்கினேன். தாவல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. போன் தயாரிப்பாளர்கள் இந்தக் கோப்புகளில் கைவைப்பது வழக்கம்தான். அதனால் எமுலேட்டருக்கு (கணினியில் ஓடும் போலி போன்) மாறி, அதே ஆண்ட்ராய்டு 11 இமேஜைப் போட்டேன். அம்பு வரிக்கு வரி நடந்தது! ஆனால் எழுத்து வெட்டுப்படவில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

பெரியம்மா எழுத்தளவை மிகப் பெரியதாக வைத்திருக்கிறார். எமுலேட்டரிலும் அப்படியே வைத்ததும் வெட்டு வந்துவிட்டது. இப்போது அம்பை நம்பலாம். அது 'எக்ஸாக்ட்லி' கிளைக்குள் நுழைந்தது. அதாவது, எழுத்துக்கு எவ்வளவு உயரம் தேவை என்று கணக்கிடாமல், லேஅவுட்டில் (திரை அமைப்பு) கொடுத்த 32 டிபியை (திரை அளவு அலகு) அப்படியே எடுத்துக்கொள்கிறது. பயனர் வைக்கும் எழுத்தளவோடு மாறும் எஸ்பி அலகில் இருக்கும் எழுத்து வளர்கிறது, டிபியில் இருக்கும் பெட்டி வளர்வதில்லை. உயரத்தை ராப் கன்டென்ட் (உள்ளே இருப்பதற்கேற்ற அளவு) ஆக்கி, 32 டிபியைக் குறைந்தபட்ச உயரமாக மட்டும் விட்டேன். சரியாகிவிட்டது.

10 பிப்ரவரி, திங்கள்

ஈபேனில் வேலை செய்யும் தம்பி போனில் கேட்டான்: "அக்கா, ஸ்டெப் ஓவர், அதாவது அடுத்த வரிக்குப் போன்னு கொடுத்தா வேற கோயிலோட நேரம் வருது, ஏன்?" அது வேறு நோய். ஒரே ஃபங்ஷனில் இரண்டு கோரூட்டீன்கள் (ஒரே சமயத்தில் நடக்கும் பணிகள்) ஓடுகின்றன. ஒன்றை நாம் நகர்த்தும்போது மற்ற த்ரெட்களும் (பணிகள் ஓடும் இழைகள்) ஓடுவதால், அதே ப்ரேக்பாயின்ட்டில் இன்னொன்று வந்து சிக்குகிறது. ப்ரேக்பாயின்ட்டுக்குக் கோயிலின் ஐடியை நிபந்தனையாகப் போடச் சொன்னேன்.