மேனேஜர் ஆனா வீட்ட யாரு பாக்குறது?

பெருநிலத்துப் பக்கம் பட்டர்வொர்த்துல வீடு, பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை, அதனால என் நாள் எப்படிப் போகும்னு பினாங்கு பாலம்தான் முடிவு பண்ணும். லைன்ல டெக்னீஷியனா சேர்ந்து, சூப்பர்வைசராகி, இப்போ புரொடக்‌ஷன் மேனேஜர்.

பதவி கெடச்சதும் "பிள்ளைங்கள யாரு பாத்துக்குவா"ன்னு கேக்காத ஆளே இல்ல. அதே வருஷம் வீட்டுக்காரருக்கும் ப்ரொமோஷன், அவர யாராச்சும் கேட்டாங்களா? கேக்கல லா.

எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது சட்டம்தான். 2023 ஜனவரி 1லேர்ந்து மலேசியாவுல பேறுகால விடுப்பு 60 நாள்லேர்ந்து 98 நாளாச்சு, அப்பாவுக்கு 7 நாள், அது பத்தாதுங்கிறது வேற கதை. வேலை நேரத்த மாத்திக் குடுங்கன்னு எழுதியும் கேக்கலாம், முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணமும் சொல்லணும். நான் காலைல ஏழு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கெளம்புறேன்னு எழுதிக் குடுத்தேன், நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் போறதுக்குள்ள எந்த மெஷின் நின்னுச்சு, எவ்ளோ ரிஜெக்ட்னு போர்ட் முன்னாடியே நின்னு நேர்ல கேட்டுக்கலாம், சாயங்காலம் பாலம் ஜாம் ஆகுறதுக்கு முன்னாடி வீட்டுக்கும் வந்துடலாம். பிள்ளைங்க பசியாறுறதும் ஸ்கூல் பஸ் ஏத்துறதும் வீட்டுக்காரர் பொறுப்பு. மாமியாருக்கு முதல்ல முகம் சுருங்குச்சு, இப்போ மகன் சுடுற தோசைய அவங்களே பக்கத்து வீட்டுல பெருமையா சொல்றாங்க.

என் டீம்ல கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்ககிட்டயும் ஒண்ணுதான் சொல்றேன், வாயால கேக்காதம்மா, எழுதிக் குடு, காப்பி ஒண்ணு நீயும் வச்சுக்க.