படுவான்கரையில் பிள்ளைகளோடு ஒரு பசி ஆய்வு: நாங்கள் பட்டது

ஒரு தாளுக்காக எங்களுக்கு இரண்டு மாதம் போனது. இனி இறங்குகிறவர்களுக்காவது அது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், சிறுவர் பசியும் போசாக்கும் பற்றிய ஆய்வு. வீடுவீடாகப் போய்க் கேட்கிறவர்களும் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகள், ஒன்பது பேர். தாய் தகப்பனிடம் கையெழுத்து வாங்கி, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம். திருப்பிவிட்டார்கள். பிள்ளை தானாகவே ‘எனக்கு விருப்பம், பிடிக்காவிட்டால் இடையில் விலகுவேன்’ என்று ஒப்பமிடும் தாள் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையே பிள்ளையின் கருத்துக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அனுமதி எடுக்கப் போன அலுவலகத்தில் எழுதுவினைஞர், “தாய் தகப்பன் வெச்ச பிறகு பிள்ள எதுக்கு வைக்கிற? இத எடுத்திட்டுக் கொண்டு வாங்க” என்று கோவையை என் பக்கம் தள்ளினார். எடுத்தால் குழு விடாது, வைத்தால் இவர் விடமாட்டார். நாலு தரம் நடந்தேன். ஐந்தாம் தரம் குழுவின் கடிதத்தைப் பிரதியெடுத்து மேலே பின் அடித்துக் கொடுத்தேன். அன்றே முத்திரை விழுந்தது. அந்தக் கடிதத்தை முதல் நாளே இணைத்துவிடுங்கள்.

பிள்ளைகளைச் சொந்த ஊரில் கேட்க விடாதீர்கள். அடுப்பு எரியாததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்? ஊரை மாற்றினோம். முதல் நாள் குருக்கள்மடத்தில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அம்பிளாந்துறைப் பக்கம் போனால் பாதி வீடு பூட்டு. அன்று கிளினிக் நாளாம். மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

கேள்விகளைத் திருத்தியதும் பிள்ளைகள்தான். ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்றால் எல்லா வீட்டிலும் “சோறும் கறியும்.” மூன்றாம் வீட்டு வாசலில் ஒருத்தி சொன்னாள்: “மிஸ், இப்பிடிக் கேட்டா இதத்தான் சொல்லுவாங்க. நேத்து எத்தின தரம் அடுப்பு எரிஞ்ச எண்டு கேப்பம்.” அதன்பிறகுதான் இரவில் பிளேன்டீயும் பணிசும் என்ற பதில்கள் வந்தன. நிறை குறைந்த சின்னவனுக்குக் கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா என்ற சத்துமா, சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து நாலு பிள்ளைக்கும் உருண்டையாவதையும் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். எனக்குக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. குழந்தையின் மேற்கையில் சுற்றிப் போசாக்கை நிறத்தில் காட்டும் நாடாவைப் பிள்ளைகளிடம் கொடுக்க முதல், சிவப்பு வந்தால் யாரிடம் அனுப்புவது என்று எழுதி வையுங்கள். சிவப்பு என்றால் கைச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் கீழே, அது கடும் மந்தபோசணை. ஒரு வயதுக் குழந்தையின் கையில் சிவப்பைப் பார்த்த 16 வயதுப் பெடியன் நாடாவைக் கழற்றாமலே என்னைப் பார்த்தான். அவன் விரல் நடுங்கியது. அந்தக் குழந்தை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை.

சாப்பாட்டுச் செலவை வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள். பயிற்சியின் முதல் நாள் பார்சலைப் பிரித்த எங்கள் பிள்ளை ஒருத்தி, மீன் துண்டைத் தொடாமல் பாதிச் சோற்றோடு திரும்ப லன்ச் சீற்றில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். “தம்பிக்கு, மிஸ்.” அடுத்த நாளிலிருந்து ஆளுக்கு இரண்டு பார்சல் எடுத்தேன். ஒன்பது பேருக்கு ஏன் பதினெட்டு என்று கணக்குப் பிரிவில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேற்றும் விளக்கம் எழுதி அனுப்பினேன்.